இத்தாவில் எழுதிய பரீட்சை

கல்முனையில் இருக்கிற அந்தப் படிப்பு நிலையம் இப்போதும் விளம்பரம் போடுகிறது: வெளியே போக முடியாத பெண்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். பார்த்தாலே எனக்கு எரிகிறது. பொய் என்று சொல்லமாட்டேன். எட்டாம் ஆண்டோடு நின்ற நான் போனில்தான் முன்பள்ளி ஆசிரியைக்குப் படித்தேன். சேர்த்துவிட்டது என் கணவர். பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மெயின் ரோட்டில் லொறி அடித்து மௌத்தானார்.

கணவனை இழந்தவள் காக்கும் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டுப் போகக் கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. படிப்பு இனி எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வகுப்பு நேரம் வந்தால் கை போனைத் தேடும். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் நான் அழுவதில்லை.

ஒருநாள் என்னைப் பார்க்க வந்த பெண்கள் முன்னறையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் சத்தத்தைக் குறைக்க மறந்துபோனேன். போனில் டீச்சர் முன்பள்ளிப் பிள்ளைகளின் வாத்துப் பாட்டைக் கை தட்டிப் படித்தார். கணவரின் ராத்தா, துணைக்கு வந்து தங்கியிருந்த என் மூத்த மதினி, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னகா இது? என்ட தம்பி மௌத்தாகி மூணு கிழமை ஆகல்ல, ஒனக்கு வாத்துப் பாட்டுக் கேக்குதா?"

"படிப்பு மதினி. அவர்தானே சேத்துவிட்டார்."

"அவன் படிக்கத்தான் சொன்னான். கூத்தாடச் சொன்னானா?"

அவர் நின்று ஏசியது என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டில்.

பிறகு பரீட்சை அறிவித்தல் வந்தது. கமராவில் முகம் தெரிய வேண்டும், பார்த்துக்கொண்டிருப்பவர் ஓர் ஆண். எங்கள் தெரு முன்பள்ளியில் எனக்கு ஆசிரியை இடம் ஒன்று வைத்திருந்தார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். நிலையத்துக்குப் போன் எடுத்தேன். பொறுப்பான சேர் பேசினார்.

"நான் இத்தாவில இருக்கன் சேர். பொம்புள ஒராளப் பாக்கச் சொல்லுங்க, முகத்தக் காட்டுறன்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்டுதான் சிஸ்டர். லேடீஸ் ஒருத்தரும் இல்ல. அடுத்த முறை எழுதுங்க."

வெளியே போக முடியாத பெண்களுக்காம்!

இரண்டு நாள் கழித்து அவரே போன் எடுத்தார். குரலில் தேன்.

"சிஸ்டர், ஒரு சின்ன வீடியோ போடுறம். இத்தாவில இருந்தும் படிக்கிற சகோதரி எண்டு. முகம் வேணாம், குரல் மட்டும் போதும்."

"பரீட்சையே எழுத விடல்ல. நான் என்னத்தச் சொல்ற சேர்?"

"பத்து நிமிசம் தாங்க."

பத்து நிமிடத்தில் கமராவில் பார்க்க ஒரு மேடம் கிடைத்துவிட்டார். அதே ஒபிஸில் வேலை செய்கிறவராம்.

நான் எழுதினேன். எழுதி முடியும்வரை மதினி குசினியில் சட்டி பானையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். முடிந்த கையோடு அந்தச் சேர் வீடியோவுக்கு என் குரலைப் பதியப் போன் எடுத்தார்.

"என்ட புருசன் மௌத்தாகிட்டார்," என்றேன். "அவர்ர மௌத்த வெச்சு ஒங்களுக்கு ஆள் சேக்காதீங்க. பொம்புள ஒருத்திய ஒபிஸில வெச்சுக்கொண்டு இல்லயெண்டு சொன்னீங்க. ஒங்களுக்குத் தேவ வந்தாப் பொறகுதான் அவ கண்ணுல பட்டாவா?"

"சிஸ்டர், இது ரெக்கோட் ஆகுது."

"ஆகட்டும். அதையே போடுங்க."

போடவில்லை. சான்றிதழ் வந்தது. இத்தா முடிந்த மறு கிழமை முன்பள்ளிக்கு வேலைக்குப் போனேன். மதினியோடு இன்னும் கதை பேச்சு இல்லை.