தங்கைக்கு முப்பத்தொன்று

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீடு வரிசையில் நான்காவது. பின்பக்கக் கால்வாய் ஓரத்தில் வழவழவென்று செம்மண் இருக்கும். அதைத் தின்னத் தங்கைக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். எனக்கு எட்டு வயது, அவளுக்கு ஐந்து. தினமும் ஆளுக்கு மூன்று விரல்நுனி. அளவில் நான் அவளை ஏமாற்றியதில்லை.

பள்ளி விடுமுறையில் அம்மா இருவருக்கும் வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்தாள். மறுநாள் இருவர் மலத்தையும் குச்சியால் கிளறிப் புழுக்களை எண்ணினேன். தங்கைக்கு முப்பத்தொன்று. எனக்கு ஒன்றுகூட இல்லை.

"மண்ணு தின்னி யாருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு!" என்று அம்மா அவள் முதுகில் இரண்டு வைத்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் குச்சியைக் கால்வாயில் வீசினேன்.

அடுத்த நாள் காலையில் அவள் வயிறு பலகைபோல் இறுகியது. வாந்தியில் ஒரு புழு வந்தது. அப்பா டாக்சி பிடித்தார். மிச்சப் புழுக்கள் சுருண்டு குடலை அடைத்துவிட்டன, மாலைக்குள் இளகாவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

நர்ஸ் மிஸ்ஸி என்னிடம் குனிந்து, "நீயும் மண்ணு தின்னியா தம்பி? பயப்படாம சொல்லு லா," என்றார்.

"இல்ல மிஸ்ஸி. எனக்குப் பூச்சியே வரலியே."

"நல்ல பிள்ள. தங்கச்சிக்கும் சொல்லிக் குடு."

பெஞ்சில் உட்கார்ந்து தரையின் கட்டங்களை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினால் நூற்றுப் பதினொன்று. ஒன்று குறைந்ததால் அவள் செத்துப்போவாள் என்று மூன்றாம் முறை எண்ணத் தொடங்கினேன். நான்கு மணிக்கு வயிறு இளகியது. கிழிக்கவில்லை.

கல்யாணம்வரை வீட்டில் அவளுக்கு 'மண்ணுதின்னி' என்றே பெயர்.

போன மாதம் கிள்ளானில் என் ரத்த அழுத்தம் பார்க்கும் இளம் டாக்டரிடம், இருவரும் தின்றும் எனக்கு மட்டும் ஏன் பூச்சி வரவில்லை என்று கேட்டேன். "ஒரே மண்ணத் தின்னாலும் எல்லா வயிறும் ஒண்ணு இல்ல அங்கிள்," என்றார். குடல் சுவரில் சில செல்கள் புழு வந்ததை மோப்பம் பிடித்து, எதிர்ப்புச் செல்களுக்குச் செய்தி அனுப்புமாம். உடனே சளி பெருகும், குடல் நெளிந்து புழுவை வெளியே தள்ளும். சிலருக்கு இது சீக்கிரம் நடக்கும். சிலருக்குத் தாமதமாகும், அதற்குள் புழு குடியேறிவிடும். "உங்களுக்குச் சீக்கிரம் நடந்திருக்கலாம்."

எனக்குப் பூச்சி வராததை வைத்தே, நான் மண் தின்னவில்லை என்று பல வருஷம் நானே பாதி நம்பியிருந்தேன். என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எனக்காகக் குரல் கொடுத்திருக்கிறது. அவளுக்காகக் குரல் கொடுக்க அன்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவன் நான் ஒருவன்தான் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.