நாலு டப்பாவும் ஒரு ஜெர்மன் ஒயினும்

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் சூப்பர்வைசர். அங்கே எத்தனை வகை இருந்தாலும் அவருக்கு வீட்டுச் சோறுதான் இறங்கும். ஷார்ஜாவில், முவைலாவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டிலிருந்து பதினோரு வருடமாக ஒரே டப்பாவில்தான் கொண்டு போனார். போன வருடம் திடீரென்று நாலு சின்ன டப்பா கேட்டார். ஒன்றில் தேங்காய்ப்பால் சொதி, ஒன்றில் நெத்திலி வறுவல், மற்ற இரண்டில் புளிக்குழம்பும் இஞ்சிப் பச்சடியும். சோறு வேண்டாமாம்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. சோறில்லாமல் சொதியைக் குடிக்கிற ஆளா இவர்?

டப்பாக்கள் திரும்பி வரும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன்தான் குறைந்திருக்கும். சட்டையில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசம். சாராய வாசமாக இருந்தால் நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். என் அப்பா குடித்தே எங்கள் வீட்டை அழித்தவர். குடிக்காத மாப்பிள்ளை என்பதுதான் கல்யாணத்துக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை. இது அந்த வாசமில்லை. அப்படியானால் செண்டு. செண்டு என்றால் ஒரு பெண். என் கணக்கு அப்படித்தான் போனது.

ஒருநாள் துவைக்கப் போட்ட பேண்ட் பையில் ஒரு சீட்டு கிடைத்தது. அவர் கையெழுத்துதான். 'நெத்திலி: பிரமாதம். சொதி: நல்ல பொருத்தம். புளிக்குழம்பு: காரம் தூக்கல், வேண்டாம். பச்சடி: இனிப்பு, சரிவராது.' எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடிந்தும் விடியாமலும் எழுந்து நான் அரைத்து வைக்கிற குழம்புக்கு எவளோ மார்க் போடுகிறாள்!

அவர் வந்ததும் சீட்டை நீட்டினேன். "எவ திங்கா என் சாப்பாட்ட?"

முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பிறகு சொன்னார். ஹோட்டலில் தென்னிந்திய மெனு வரப்போகிறது. எந்தப் பதார்த்தத்தோடு எந்த ஒயின் சேரும் என்று எழுதித் தரும் பொறுப்பு இவர் தலையில். முதலில் வந்தது ஜெர்மனியிலிருந்து ரீஸ்லிங் என்று ஒரு வெள்ளை ஒயின். துளி இனிப்பு கிடையாதாம்.

"தேங்காப்பால் நாக்குல அப்படியே படிஞ்சிருக்கும்லா? இத ஒரு வாய் வச்சா வழிச்சு எடுத்துட்டுப் போயிரும். நெத்திலியோட எண்ணெயும் அப்படித்தான். காரம் ஒறப்பா இருந்தாத்தான் ஒத்துக்காது."

சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. பெண் இல்லை என்று நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பெண்ணாக இருந்தால் சண்டை போட்டாவது மீட்டிருப்பேன் என்றுதான் தோன்றியது.

"அப்போ நீங்க குடிக்கீங்க."

"குடிக்கலம்மா. வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருதேன். எல்லாரும் அப்படித்தான்."

"அவ்வளவையுமா?"

"அவ்வளவையும்" என்றார், டப்பாக்களைக் கழுவியபடி. அவர் இதற்கு முன் ஒருநாளும் டப்பா கழுவியதில்லை.

அன்றிலிருந்து அவர் உள்ளே நுழையும் முன் ஊதச் சொன்னேன். ஷார்ஜாவில் ஒரு சொட்டு மதுவுக்கும் இடமில்லை, மாட்டினால் விசாவே போய்விடும் என்று காரணம் சொன்னேன். அது பாதிதான். அவர் முகம் சுளிக்காமல் ஊதுவார். ஒருநாள் புளித்த ஆப்பிள், ஒருநாள் ஒன்றுமில்லை.

மெனு போன மாதம் அச்சுக்குப் போய்விட்டது. நெத்திலியோடும் சொதியோடும் அந்த ஒயினைப் போட்டிருக்கிறார்களாம். பழைய ஒற்றை டப்பாவுக்கே வந்துவிட்டார், சோறோடு. இனிமேல் ருசி பார்க்கும் வேலை கிடையாது என்று அவரே சொன்னார். நானும் ஊதச் சொல்வதை விட்டுவிட்டேன்.

நேற்று வந்தவர், நான் கேட்காமலேயே வாசலில் நின்று ஊதிக் காட்டினார். ஏலக்காய் வாசம் வந்தது. என் அப்பாவும் ஏலக்காய் மென்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.