மங்களம் அக்கா தாமே வாதாடிய வழக்கு

அன்று காலை எழுந்ததும் முதலில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவ உட்கார்ந்தேன். பாதிக் கிழங்குகூட முடியவில்லை. கம்போங் செட்டி என்ற குடியிருப்பிலிருந்து மங்களம் அக்காவின் தம்பி ஆறுமுகம் வந்து வாசலில் நின்றார். "சுடா தாடா, சிக்கு" என்றார். இனி இல்லை, டீச்சர் என்று மலாயில் அர்த்தம். யார் என்று கேட்டேன். அக்காவின் சொந்தத் தம்பியிடமே ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே புரியவில்லை. மிச்சக் கிழங்கையும் சீவி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கை நிற்கவில்லை.

அவரை அறிந்த ஊர்க்காரர்கள் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. காஜா பெராங்கில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்த செட்டிக் குடும்பம் என்பதால் அவர் பேச்செல்லாம் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சாமி பெயர்களும் உறவுமுறைகளும்தான். நான் சென்னையில் கல்லூரிப் படிப்பு முடித்துவந்து தமிழ்ப் பள்ளியில் கற்பிப்பவள். ஆனாலும் பதினாறு வருஷம் வேலியோரம் நின்று பேசியிருக்கிறோம்.

அவர் வீட்டில் போலீஸ் சோதனை நடந்ததும், சாமி மாடத்தின் கீழிருந்து ஒரு பானை அரிசியை எடுத்துப்போனதும் உங்களுக்குத் தெரியும். பங்கீட்டு அரிசியைப் பதுக்கினார் என்று வழக்கு. அது பர்ச்சூவுக்கு வைத்த அரிசி. பொங்கலுக்கு முந்தின நாள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கும் அந்த வழக்கத்தை, ஜப்பான்காரன் வந்த பிறகும் அவர் ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

ஊரில் மிச்சமிருந்த வக்கீல் முழுக்கதவையும் திறக்கவில்லை. "ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள்" என்று இடுக்கு வழியே சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாம், மறுத்தால் சிறையில் தள்ளுவார்கள் என்றேன். அக்கா என்னைத் திருப்பிக் கேட்டார்.

"செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு, இலை போடும்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், சிக்கு?"

பிறகு என் சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார். "நீங்கள்தான் நீதிபதி. கேளுங்கள்." நான் கேட்டேன். "இப்படிக் கொஞ்சினால் ஆகாது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளையைக் கேட்பீர்களே, அப்படிக் கேளுங்கள்" என்றார். நான்கு நாள் ஒத்திகை பார்த்தோம். ஐந்தாம் நாள், சாட்சி சொல்ல வருவீர்களா என்றார். பள்ளி இருக்கிறதே என்றேன். வழக்கு நாளில் பள்ளி விடுமுறை. அது அவருக்கும் தெரியும். "சரி" என்று மட்டும் சொன்னார்.

கோர்ட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பானையை எடுத்த போலீஸ்காரரை அவரே குறுக்கு விசாரணை செய்தார்.

"பானைக்கு முன்னால் என்ன இருந்தது?"

"விளக்கு."

"எரிந்ததா, அணைந்திருந்ததா?"

"எரிந்தது."

"நீங்கள் வீட்டில் எதையாவது ஒளித்துவைத்தால் முன்னால் விளக்கேற்றி வைப்பீர்களா, என்சே?"

"என் பெண்டாட்டியிடமிருந்து ஒளித்தால் ஏற்றமாட்டேன்" என்றார் போலீஸ்காரர். கோர்ட்டே சிரித்தது.

வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. "அப்படியென்றால் அரிசி யாருடையது?"

"இறந்தவர்களுடையது."

"அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள் பார்க்கலாம்."

"பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் வருவார்கள், துவான். கோர்ட் அதுவரை பொறுக்குமா?"

நீதிபதி நம் ஊர்க்காரர். அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு அரிசி எப்படிச் சேர்ந்தது என்று கேட்டார். என் பங்கில் தினம் ஒரு பிடி என்றார் அக்கா. கொடுப்பதே சில பிடிதானே, பிறகு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றார் நீதிபதி.

"கிழங்கு, துவான். வேறென்ன?"

குற்றம் நிரூபணமாகவில்லை, அரிசியைத் திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்பானது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என்ன சாமர்த்தியம் என்று நினைத்தேன். கூண்டின் கம்பியை அவர் ஏன் அப்படி இறுகப் பிடித்திருக்கிறார் என்று நினைக்கவில்லை. வெளியே வந்ததும் செருப்பு காலில் ஏறவில்லை, கையில் எடுத்துக்கொண்டே நடந்தார். "வீங்கிக் கிடக்கு, நின்றே இருந்தேன் இல்லையா" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

பதினோரு நாளில் போய்விட்டார். வெறும் கிழங்கு தின்று வந்த வீக்கம், நெஞ்சுவரை ஏறிவிட்டது என்றார் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். அதைத்தான் அக்கா கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நீதிபதி கேட்டார், இவர் பதில் சொன்னார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்தவள். இதை எழுதும்போதும் அந்த இடத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

அரிசி இன்னும் வரவில்லை. அக்கா இரண்டு முறை ஸ்டேஷனுக்கு நடந்தார், நாளை வா என்றார்கள். ஆறுமுகத்திடம் கேட்டேன். "அந்தப் பேச்சே வேண்டாம் சிக்கு, என்னையும் பிடித்துப் போடவா? இந்த வருஷம் கிழங்கை அவித்து வைத்தால் போகிறது. இறந்தவர்களுக்கு நிலைமை தெரியாதா?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. என்னுடையதும் அதே பயம்தான். ஆனால் இனி அந்த இலைக்கு வருகிறவர்களில் அக்காவும் ஒருவர். கிழங்கு தின்று செத்தவருக்குக் கிழங்கையே படைப்பதா?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கேள்வியை நேராகப் பார்த்துக் கேட்கும் அந்த நான்கு நாள் பயிற்சி. தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை வக்கீல் இல்லாமல் நானே போய் நிற்கப்போகிறேன். இறந்தவருக்கு நீ என்ன உறவு என்று கேட்பார்கள். சாட்சி சொல்ல வராதவள் என்பேன். என் வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது.