மாமியார்களின் தறியோரம் ஓர் இங்கிலீஷ் பாடம்

இரண்டு மாமியார்கள் ஒரே மூச்சில் திட்டினால், அந்தத் திட்டு இருவருக்கும் பொதுவா, ஆளுக்குப் பாதியா? தொண்ணூறுகளில் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்தவள்தான் நான். இன்றுவரை விடை தெரியவில்லை.

ஆரணியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாமியாரும் அவருடைய ஓரகத்தியான சின்ன மாமியாரும் ஒரே பட்டுத்தறியில் வேலை செய்வார்கள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டு பேர் வேண்டும். மாமியார் நடுவில் உட்கார்ந்து, மிதிகட்டையைக் காலால் மிதித்து உடலை நெய்வார். சின்ன மாமியார் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவார். தறிச் சத்தத்துக்குக் கை தானாக ஓடும். வாய் என்னைப் பற்றிப் பேச ஓய்வாக இருக்கும்.

மகள் நான்காம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியத்தில் தடுமாறிக்கொண்டிருந்தாள். அடுத்த வாய்மொழித் தேர்விலும் தேறாவிட்டால் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். பாடம், கூட்டுச் சொற்கள். ஒன்றுக்கு மேல் என்றால் எஸ் முதல் சொல்லில் ஒட்டும்: மதர்ஸ்-இன்-லா. ஒருவருடைய பொருள் என்றால் எஸ் வாலில் ஒட்டும்: மதர்-இன்-லாஸ். உரக்கச் சொன்னால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். ஃபேன் இருப்பது தறிப்பக்கம்தான். அங்கே உட்கார்ந்து தறியின் தாளத்துக்கே பாடிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, உன் பொண்ணு இன்னாத்த ஏலம் உட்டுகினு கீறா?” என்றார் மாமியார்.

“பாடம்ங்க அத்தை. மதர்-இன்-லான்னா மாமியார்.”

“மருமகளுக்கு ஒண்ணும் இல்லியா அதுல?”

“இருக்குதுங்க. டாட்டர்-இன்-லா.”

“அத மொதல்ல படிக்கச் சொல்லு.”

மகள் அடுத்து ‘இரண்டு மாமியார்களுடைய தறி’க்கு வந்தாள். அங்கே நின்று என்னைப் பார்த்தாள். மதர்ஸ்-இன்-லாஸ், இரண்டு எஸ். எனக்குத் தெரியும். ஆனாலும் தப்பாகச் சொல்லித் தொலைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தயங்கினேன். மகளின் பாட்டு நின்றதும் சின்ன மாமியாரின் கையும் நின்றுவிட்டது. மாமியாரின் கால் நிற்கவில்லை. உடல் ஒருபக்கம் போக, கரை சேராமல் பல்லிளித்தது.

“பேஜார் புடிச்சவளே, நாடா எங்கடி?”

“கொழந்த சொல்றத கேட்டுகினே தள்ளினு இருந்தேன்க்கா. அது நிறுத்திச்சு, நானும் நிறுத்திட்டேன்.”

“நீ எப்போ இங்கிலீஷ்ல நெய்ய ஆரம்பிச்ச?”

பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். இழைகளை உருவி எடுக்கும்வரை திட்டு நடந்தது. தறி ஓடும்போது வீட்டில் யாரும் உரக்கப் படிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. தறி எப்போதும்தான் ஓடுகிறது.

மகள் தேர்வில் தேறினாள். ஆனால் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“பதில் எல்லாம் கரெக்டுங்க. ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் தரைய மிதிக்கிறா. மிதிக்காதன்னா ஒண்ணுமே வரமாட்டேங்குது. அடுத்த பரீட்சைல இத விடமாட்டேன்.”

பள்ளியில் கால் ஆடக் கூடாது, வீட்டில் வாய் திறக்கக் கூடாது. மீடியம் மாற்றும் பேச்சு இன்னும் ஓயவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: தாளம் இல்லாமல் மனப்பாடம் செய்ய இவளை எப்படிப் பழக்குவது? டீச்சரிடம் போய்க் காலை மட்டும் மன்னித்துவிடச் சொல்லிக் கேட்கலாமா?