பலகடுவைக்கு இந்தப் பக்கம் ஓர் இரவு

நானா! உங்களைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இங்கேயும் நானா என்றே கூப்பிடுகிறேன். ஓ லெவலோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால், முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

என் நானா, என் மூத்த அண்ணன், கண்டியில் ஒரு சுழியோடிகள் கழகம் நடத்தினார். ஆமாம், கண்டியில்தான். கடலைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் தூங்கி எழும்ப வேண்டிய அதே கண்டியில். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழ்கடலுக்குள் இறங்குகிறவர்களின் கழகம். கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சிலிண்டர்களைக் கண்ட பக்கத்து வீட்டு மாமா, காஸ் ஏஜென்சி எடுத்திருக்கிறோம் என்று நினைத்து, "எனக்கும் ஒண்டு வைங்க, சமைக்க ஏலாம ஈக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். நானா மாலைதீவுக்குப் போனது ஹோட்டல் குசினியில் வெங்காயம் வெட்ட. அங்கே சுழியோடிகளுக்குச் சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் ஆள் குறைந்தபோது அவரை அங்கே போட்டார்கள். வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது. வெங்காயத்தோடு போன மனிதர் பயிற்றுநர் லைசன்ஸோடு திரும்பி வந்தார். வந்து கண்டி மார்க்கெட் பக்கம் போன் திருத்துகிற கடை போட்டார். நானும் அங்கேதான்.

கடையில் போன் உடைந்து வருகிறவர்களிடமெல்லாம் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுவார். திரை மாற்றி முடிவதற்குள் ஆள் கழகத்தில் சேர்ந்திருப்பான். கம்பளையில் அரிசிக் கடை வைத்திருக்கிற ஒரு முதலாளி அப்படித்தான் மாட்டினார். மாநகர சபையில் கிளார்க்காக இருக்கிற ஓர் அக்காவும் அப்படித்தான். அக்கா கோயிலுக்குப் போவதுபோல தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்துக்கொண்டு முதல் நாள் பயிற்சிக்கு வந்தார். முகத்தில் போட்ட மாஸ்க் வழுக்கி வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது.

"அக்கா, மீன் பொரிக்கிறதுக்கா வந்தீங்க?" என்றார் நானா.

"ஏன் தம்பி, நீங்க மட்டும் என்ன, அத்தர் பூசிக்கிட்டுத்தானே வந்திருக்கீங்க. அந்த வாசத்துக்கு மீனெல்லாம் ஓடிப் போயிரும்."

அன்றிலிருந்து கழகத்தின் கடிதம், கணக்கு எல்லாம் அக்காவின் கையில். எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்து என்றால் ஆகாது.

பயிற்சி நடந்தது ஒரு கெஸ்ட் ஹவுஸின் நீச்சல் தடாகத்தில். வெள்ளைக்காரர்கள் பகலில் மாளிகை, பூங்கா என்று சுற்றப் போய்விடுவார்கள். அந்த நேரம் தடாகம் எங்களுக்கு. அதற்குப் பதிலாக நானா கெஸ்ட் ஹவுஸின் காவல் கெமராக்களைத் திருத்திக் கொடுப்பார். மாலைதீவில் கழித்துவிட்ட உடுப்புகளையும் மாஸ்க்குகளையும் கொண்டுவந்து ஒட்டித் தைத்து எல்லோரும் மாறி மாறிப் போட்டோம். காசில்லாதவன் காசில்லாமலே படிப்பான். அரிசி முதலாளி பயணத்துக்கு அரிசி தருவார். பெரிய பெரிய இடங்களில் படிக்க முடியாத ஆட்கள் எங்களிடம்தான் படித்தார்கள். நானும் அதில் ஒருத்தன்.

முதல் பயணம் திருகோணமலைக்கு. எல்லோரும் நல்லபடி இறங்கி, நல்லபடி ஏறி, பொரித்த இறாலைச் சாப்பிட்டுவிட்டு அன்று பின்னேரமே வேனில் திரும்பினோம். பாட்டும் கூத்தும். மாத்தளை தாண்டி பலகடுவை ஏற்றத்தில் வேன் ஏறும்போது அரிசி முதலாளி தோளைத் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு உடம்பெல்லாம் சொறிந்தார். இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னோம். ஆஸ்பத்திரியிலும் அப்படியே நினைத்து அரிப்புக்குக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். தோள் வலி ஒரு கிழமை இருந்தது.

நானா மட்டும் அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

"டேய் தம்பி, அது எறால் இல்லடா. நாங்க ஏறின மல."

மாலைதீவில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, கடலுக்குள் இறங்கினால் உடனே பிளேனில் ஏறாதே என்று. அந்த ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடும் கிடையாது. அதனால் மலையைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. தன்னுடைய சொந்த வீடே ஒரு உயரம் என்பது நானாவுக்கும் தோன்றவில்லை. கண்டிக்காரனைத் தவிர வேறு யாரும் செய்யாத பிழை. கடலில் இருந்து வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தோம். மேலே ஏறுகிறோம் என்று நினைக்கவில்லை.

இதை உம்மாவுக்கு விளங்கப்படுத்த நானா ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். "உம்மா, ஆழத்துல தண்ணி எங்கள அமுக்கும். நாங்க இழுக்கிற காத்து ரெத்தத்துல கரையும், இந்த சோடாக்குள்ள காஸ் ஈக்கிற மாதிரி." மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். சும்மா உஸ்ஸென்றது. இன்னொரு போத்தலைக் குலுக்கி டக்கென்று திறந்தார். உம்மாவின் முந்தானையெல்லாம் நனைந்தது. "அவசரமா மேல வந்தா ரெத்தத்துல இதுதான். கண்டிக்கு ஏறுறதும் மேல வாரதுதான்."

"பைத்தியம்!" என்று உம்மா முந்தானையைப் பிழிந்தார். "இதுக்கு வாயால செல்லியிருந்தா போதாதா?"

அரிசி முதலாளியின் கதை திருகோணமலைப் படகுக்காரருக்கும் எட்டிவிட்டது. காப்புறுதி இல்லாத கழகத்துக்கு இனிமேல் படகு இல்லை என்று சொல்லிவிட்டார். நானா ஒரு ஏஜெண்டை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் ஆயுள் காப்புறுதிப் படங்களோடு வந்து, நீங்கள் இறந்தால் வீட்டுக்கு இவ்வளவு வரும் என்று ஆரம்பித்தார்.

"நான் மௌத்தாப் போறதுக்கு இல்ல," என்றார் நானா. "த்ரீவீலுக்கு தேர்ட் பார்ட்டி போடுறதில்லையா, அது மாதிரி. என்ன நம்பித் தண்ணிக்கு எறங்கினவனுக்கு என்னால ஏதும் ஆனா, அவன்ட வீட்டாக்கள் நடுரோட்டுல நிக்கப்படாது. கழகமும் மூடுபடப்படாது."

உம்மா உள்ளே இருந்து அது ஹராமில்லையா என்று கேட்டார். எல்லோரும் காசு போட்டு, விழுந்தவனைத் தூக்குகிற மாதிரி ஒன்று இருக்கிறது, அதைத்தான் கேட்கிறேன் என்று நானா சொன்னார்.

ஏஜெண்டுக்கு இது புதுசு. கண்டியில் எங்கே கடல் என்று கேட்டார். பிறகு பேனாவைத் திறந்து, "சரி, இதுல ஆகப் பெரிய ஆபத்து என்ன? சுறாவா?" என்றார்.

"இல்ல," என்றார் நானா. "வீட்டுக்குப் போறது."

காப்புறுதி ஒரு நிபந்தனையோடுதான் கிடைத்தது. தண்ணீரில் இறங்கிய அன்று யாரும் பலகடுவை ஏற்றத்தைத் தாண்டக்கூடாது. இரவு இந்தப் பக்கம், கடற்கரையிலேயே தங்கி, அடுத்த நாள்தான் வீடு. தாண்டினால் காப்புறுதி செல்லாது. நானா கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை கடல், ஞாயிற்றுக்கிழமை சும்மா பயணம். ஒரு நாள் வீணாகிறது என்று புறுபுறுத்தவர்களிடம், "அவசரமென்டா, மகாவலி ஆத்துல முங்குங்க" என்பார்.

போன வருஷம் திருகோணமலைக்கு ஒரு பயணம். நானாவுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், டெங்கு என்றார்கள். நான் போகமாட்டேன் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"காய்ச்சல் எனக்கு. கடலுக்கு இல்ல. போ," என்றார். "படகுக்கார சேர்ட்ட பேசிட்டேன், அவருக்கும் லைசன்ஸ் ஈக்கு, அவர் பாத்துக்குவார். புதுப் பொடியன்மாரும் வாராங்க, நீ கிட்ட நில்லு. ஊசி போடுற மிஸ் வேற நல்ல வடிவு. நீ இல்லாட்டித்தான் எனக்கு நல்லது."

அவர் கடைசியாக என்னோடு பேசியது இதுதான். நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் நானா.

சனிக்கிழமை இரண்டாவது தரமும் இறங்கிவிட்டு மேலே வந்தேன். தெளிந்த தண்ணீர். ஒரு ஆமை என் முகத்துக்கு நேரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதை நானாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே கரைக்கு வந்தேன். அக்கா என் போனைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றார். அவர் அன்று இறங்கவில்லை. போனை நீட்டினார். உம்மா.

"மகன், நானா போய்ட்டான்."

அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று முழுதும் ஞாபகம் இல்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றது மட்டும் காதில் விழுந்தது. எங்கள் ஆட்கள் மையத்தை, இறந்த உடம்பை, நெடுநேரம் வைத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். நேரத்தைப் பார்த்தேன். இப்போதே வேனை எடுத்தால் பிடிக்கலாம். உடம்பில் கடல் தண்ணீரோடு வேனுக்கு ஓடினேன்.

அக்கா வேன் கதவில் நின்றார். "தம்பி, இறங்கி இன்னும் உடம்பு காயல."

"வெலகுங்க அக்கா."

"தோள் வலியோட போயிரும்னு நெனைக்காதீங்க. நடக்க ஏலாமப் போனவங்களும் இருக்காங்க. உங்க நானாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு. அவரு போட்ட கையெழுத்துத் தம்பி அது."

"அவர்ட மொகத்த நான் பாக்க வாணாமா?" என்று கத்தினேன். புதிய பொடியன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அழுதார், ஆனால் கதவை விடவில்லை.

உம்மா இன்னும் போனில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"உம்மா, நான் வார. நான் வந்த பொறகு அடக்கச் செல்லுங்க."

"இன்டைக்கு நீ தண்ணிக்கு எறங்கினியா மகன்?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். உம்மா வா என்றிருப்பார். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மையத்து வீட்டில் இருந்து கேட்கிற உம்மாவிடம் அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"எறங்கின உம்மா. ரெண்டு தரம்."

அங்கே குர்ஆன் ஓதுகிற சத்தம் கேட்டது.

"அப்ப வராத. நாளைக்கு வா. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல குடுக்க எனக்கு ஏலா."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அஸர் நேரம் படகுக்கார சேர் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, "தொழுகைக்கு ஒழுச் செஞ்சிக்க தம்பி" என்றார். அவரும் எங்கள் ஆள்தான். தூரத்தில் இருக்கிற மையத்துக்கும் தொழலாம், காயிப் ஜனாஸா என்று. கரையில் நின்று தொழுதோம். அங்கே மக்காப் பக்கம், கிப்லாவைப் பார்த்தால் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். நானா ஆசைப்பட்ட கடல் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், அக்காவும் மற்றவர்களும் எங்களுக்குப் பின்னால் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் ஆனால் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். தண்ணீருக்குள் அசையாமல் நிற்க நானா பழக்கியது அப்படித்தான்.

அடுத்த நாள் வேன் பலகடுவை ஏற்றத்தைத் தாண்டியது. மையவாடிக்குப் போனேன். நானாவின் கப்ரின் மேல் மண் இன்னும் ஈரம். ஆமையைப் பற்றிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் வெளி விறாந்தையில் ஆட்கள். காஸ் ஏஜென்சி மாமா மெதுவாகப் பேசுகிறதாக நினைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "சொந்த நானாட மையத்து. இவர் கடல்ல குளிச்சிட்டு ஈந்தாராம். மல ஏற ஏலாதாம். கேட்டீங்களா கதைய?"

நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

உம்மா உள்ளே இருந்து வந்தார். அழுது வீங்கிய கண். வந்தவர்களுக்குக் கொடுக்க மேசையில் சோடாப் போத்தல்கள் இருந்தன. ஒன்றை எடுத்தார். குலுக்கினார். நன்றாகக் குலுக்கினார். மாமாவுக்கு நேரே வைத்து டக்கென்று திறந்தார்.

மாமாவின் வெள்ளைச் சாரன், தொப்பி, தாடி எல்லாம் சோடா.

"இதுதான் கதை," என்றார் உம்மா. "இது ரெத்தத்துக்குள்ள நடக்கும். எண்ட மூத்தவன்தான் படிச்சுத் தந்தான். எளையவன வர வாணாமென்டு செல்லினது நான். இனிக் கேக்கிறதென்டா என்னக் கேளுங்க."

மாமா தாடியைத் துடைத்துக்கொண்டு, "வாயால செல்லியிருந்தா போதாதா?" என்றார்.

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மையத்து வீட்டில், எல்லோருக்கும் முன்னால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறி, என் தோளில் சாய்ந்துகொண்டார்.

கழகம் இன்னும் நடக்கிறது. படகுக்கார சேர் மாதத்தில் ஒருமுறை கண்டிக்கு ஏறி வந்து தடாகத்தில் பழக்குகிறார். காப்புறுதியை அக்கா புதுப்பித்துவிட்டார். புதிதாகச் சேருகிறவர்களை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புகிறோம். உம்மா சோடாப் போத்தலோடு இருப்பார்.

இதை வாசித்த நீங்கள் என் நானாவைப் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. பரவாயில்லை, அல்லாஹ்வுக்குத் தெரியும். தொழுகிறவர்கள் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது கண்டியில் கழகம் வைத்தவர் என்று அவருக்காகவும் ஒரு துஆ கேளுங்கள். கோயிலுக்கும் பௌத்த பன்சலைக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள் அங்கே கேளுங்கள். கப்ர் அவருக்கு நெருக்கமில்லாமல், மூச்சு முட்டாமல், நல்ல வெளிச்சமாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் கேளுங்கள்.