மூன்றாவது நடைமேடைக் குரல்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிட்டார்கள். இருப்பது என்னவோ விசாரணை ஜன்னலில். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறிவிப்புகளுக்கெல்லாம் குரல் கொடுத்துப் பதிவு செய்தது அவள்தான். அப்போது அது ஆண் குரல். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அடிவயிற்றிலிருந்து கனமாக எழும். பிறகு உடை மாறியது, பேர் மாறியது, அலைந்து திரிந்து சான்றிதழ்கள்கூட மாறிவிட்டன. ஒலிபெருக்கி மட்டும் மாறவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் பழைய ஆள் தலைக்கு மேல் பேசுவான். அவன் முடிக்கும்வரை ஜன்னலுக்குள் அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

குரலை மாற்றுவது சட்டை மாற்றுகிற காரியமல்ல. தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம், டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வர ஊதிக்கொண்டே முனகுவாள். பிறகு தொண்டை முடிச்சில் விரலை வைத்து, எச்சில் விழுங்கும்போது அது ஏறி நிற்கிற இடத்திலேயே நிறுத்திப் பேசிப் பார்ப்பாள். போனில் குரலின் உயரத்தைக் காட்டும் ஒரு கோடு ஓடும். குறியைவிட்டு அது கீழே சரிந்தால் மறுபடி முதலிலிருந்து. தும்மலும் சிரிப்பும்தான் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சிரிக்கவும் தனியாகப் பழகினாள், சிரிக்க ஒன்றுமில்லாத நாட்களிலும்.

பக்கத்து அறை அக்கா ஒருநாள் மாடிப்படியில் மறித்தாள்.

"ஏன்டி, காலங்காத்தால உன் ரூம்ல ஒரு ஆம்பளயும் பொம்பளயும் சண்டை போடுற மாதிரியே கேக்குதே?"

"ஆமாக்கா."

"யாரு ஜெயிக்கிறா?"

"இன்னும் முடியலக்கா."

அப்பாவோடு பேச்சு நின்று இரண்டு வருஷம். லாரிப் பட்டறையில் இரும்பைத் தட்டித் தட்டி எதையும் உரக்கச் சொல்லியே பழகியவர், அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார். "என் பையன் குரல்ல பேசறதா இருந்தா இந்த வீட்ல பேசு. இல்லன்னா பேசாதே." அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த அப்பா ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மூன்றாவது நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விசாரணை ஜன்னல் கண்ணாடி முழுக்க நேர அட்டவணைகள் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவர் இடுக்கு வழியாக வெளியே பார்க்கலாம். வெளியே நிற்பவருக்குக் கீழேயுள்ள அரைவட்டத் துளையில் ஒரு கை மட்டும்தான் தெரியும். அவள் தங்கைக்குப் போன் போட்டாள்.

"வாக்கிங்னு சொல்லிட்டுப் போறார்," என்றாள் தங்கை. "நீ அங்க வேலைய விட்டுட்டேன்னுதான் நெனச்சிட்டிருக்கார். பின்ன எதுக்கு அங்க வர்றாரு?"

இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. ஒலிபெருக்கி கரகரத்ததும் அப்பாவின் தலை நிமிரும். பதினாறாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று சொல்லி முடித்ததும் கவிழும். பேருந்து வரும், போகும். அவர் ஏறமாட்டார்.

இப்படியே ஒரு மாதம். புதிய வழித்தடங்கள் வந்ததால் அறிவிப்புகளைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்றார் டைம்கீப்பர். "வெளி ஆளக் கூப்பிடவா, நீயே பேசிடறியா?"

இரண்டு நாள் தவணை கேட்டாள். தினமும் வந்து கேட்கிற மனுஷன் இதையும் கேட்பார். கேட்கக் கேட்கக் காது பழகும். பழகின காது என்றைக்காவது இது யார் என்று கண்டுபிடித்துவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டாள். பேசிக் கொடுத்தாள். எந்த வரியிலும் குரல் சரியவில்லை.

"பழசை அழிச்சிடவா, மைக்கு?" என்றார் பதிவு செய்தவர்.

"அழிச்சிடுங்க," என்றாள், தோளில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற மாதிரி.

புதுக் குரல் ஒலித்த முதல் நாள், அப்பா தலையை நிமிர்த்தினார். முடிந்த பிறகும் கவிழ்க்கவில்லை. மூன்றாவது அறிவிப்புக்குப் பிறகு எழுந்து ஜன்னலுக்கு வந்தார். துளைக்கு வெளியே அவருடைய சட்டைப் பொத்தான்கள் வந்து நின்றன.

"ஏம்மா, இதுல ஒரு பையன் பேசுவானே. அவன் இல்லையா?"

தொண்டை முடிச்சு தானாக மேலே ஏறி நின்றது. "மாத்திட்டாங்கய்யா."

"ஓ."

"இது நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கு. கணீர்னு, தெளிவா பேசுது. யார் வீட்டுப் பொண்ணோ."

இரண்டு வருஷம் பாடுபட்டது, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

துளை வழியாக ஒரு பட்டன் போன் உள்ளே வந்தது. கிரீஸ் கறை போகாத நகங்கள். "அந்தப் பழசு எங்கயாவது கெடந்தா இதுல ஏத்திக் குடுக்க முடியுமாம்மா? அது என் பையன்."

"கொஞ்சம் இருங்கய்யா."

பழைய பலகைகளும் அறுந்த ஒயர்களும் கிடக்கிற பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவின் போனில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அவனைத் தொண்டைக்குள் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அவன் இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவன்போல் கூப்பிட்டதுமே வந்தான். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பதினாறாம் எண், மூன்றாவது நடைமேடை. ஒரு சொல் பிசகவில்லை. கடைசிச் சொல் முடிந்ததும் பதிவை நிறுத்தி, திரும்பி வந்து போனைத் துளை வழியாக நீட்டினாள்.

அப்பா போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார்.

"இதேதான். என்ன, அதுல இருந்த இரைச்சல் இதுல இல்ல. பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு." போனைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே ஒரு தட்டு தட்டினார். "நல்லா இரும்மா."

மறுநாள் நாலு மணிக்கு இடுக்கு வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் யாரோ ஒரு பெண் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாளும் அவர் வரவில்லை. சட்டைப் பையில் இருக்கிற குரலைக் கேட்க யாராவது இவ்வளவு தூரம் நடந்து வருவார்களா.

தலைக்கு மேல் யார் வீட்டுப் பெண்ணோ பதினாறாம் எண் பேருந்தை அறிவித்தாள். ஜன்னலுக்குள் இருந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.