துணி காய்ந்ததும் பேசலாம்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம், வெயிலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் சர்வே அலுவலகத்துப் பிரதீப்தான் கூப்பிட்டான். "செல்விச் சேச்சி, நம்ம நீலகண்டன் சார் போயிட்டாரு. காலைல குளிச்சிட்டு வந்து உக்காந்தவராம்." அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தே முக்கால். 'இந்நேரம் துணி காய்ந்திருக்குமே' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சாவுச் செய்தி கேட்டவளுக்குத் தோன்றக்கூடிய நினைப்பா அது? ஏன் அப்படித் தோன்றியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அலுவலகத்தில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவர் வரைபட மேஜைக்குப் பின்னால் இருந்த ஒரு வழுக்கைத் தலை. பேனாவைக்கூடச் சத்தமில்லாமல் மூடுகிற மனிதர். அவர் வீடு இருந்த ஸ்ரீவராகம் தெருவில் அவரைத் தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்லப்போகும் நீலகண்டன் சார் வேறு ஆள். அவர் மைக்கைப் பிடித்தால் துள்ளுவார். ஐம்பத்தைந்து வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, அது தனக்குத் தெரியவில்லையே என்பதிலேயே சந்தோஷப்பட்டவர் அவர். அந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரே வயது. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் எங்கள் கூட்டு.

நான் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மா இன்றும் அங்கே தொழிலாளர் லயத்து வீட்டில்தான் இருக்கிறாள், நகரத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். சனிக்கிழமை பஸ் பிடித்து மலை ஏறினால் திங்கள் காலைதான் இறங்குவேன். எங்கள் லயத்தில் என் போன் வெறும் டார்ச் லைட். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அங்கிருந்து யாரைக் கூப்பிடுவது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மறுவாரம் அவர் பழைய சாமான் கடையிலிருந்து லாரிக்காரர்கள் பயன்படுத்தும் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சுருள் வயரில் தொங்கும் மைக்கோடு இருந்த அவை சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோக்கள்.

"டவர் வேண்டாம், சிம் வேண்டாம், லைசன்ஸும் வேண்டாம். விதியைப் படிச்சுப் பார்த்துட்டேன். அஞ்சு வாட்டுக்குள்ள இருந்தா யாரும் பேசலாம். ஆனா ஒழுங்கு வேணும், கேட்டேளா?" என்றார்.

பிரதீப் சிரித்தான். "சார், மொபைல் உண்டல்லோ? பின்ன எதுக்கு இது?"

"மொபைல்ல கூப்பிட்டா கிடைக்கும்னு தெரியும். இதுல தெரியாது. அதாக்கும் ரசம்!" என்றார் சார். அவர் கண்ணில் அன்றுதான் அந்தப் பளபளப்பைப் பார்த்தேன்.

முதல் மாதம் முழுக்கப் பேசவே விடவில்லை. "முதல்ல கேளுங்கோ. பேசறதுக்கு ஆயுசு இருக்கு" என்பார். நாற்பது சேனலையும் திருப்பித் திருப்பிக் கேட்டோம். அப்பளம் பொரிவதுபோல் ஒரே இரைச்சல். அதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தார், எந்தச் சேனலில் காலையில் இரைச்சல் குறைவு என்று. பிறகு ஒரு நாள் குறித்தார். நான் விழிஞ்ஞம் வேலையிடத்தில் ஜீப்பில் இருந்து, அவர் தன் வீட்டு மாடியில் இருந்து, சரியாகப் பத்து மணிக்குக் கூப்பிட வேண்டும். சரியாகப் பத்து மணிக்கு நானும் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டேன், அவரும் அழுத்திக் கூப்பிட்டார். இந்தப் பெட்டியில் அழுத்தியிருக்கும்வரை எதிராளி பேசுவது கேட்காது. பத்து ஐந்துக்கும் அப்படியே, பத்துப் பத்துக்கும் அப்படியே. கடிகாரத்தை ஒழுங்காகப் பார்க்கும் இரண்டு பேர் சேர்ந்தால் இதுதான் கதி. கடைசியில் ஜீப் டிரைவர் என்னோடு ஏதோ பேச்சுக் கொடுத்ததால் நான் ஒரு நிமிஷம் பிந்தினேன். அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து அவர் குரல் தெறித்து விழுந்தது. "செல்வி! கேக்கறதா? ஓவர்!" பக்கத்துச் சேனல் வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

மலைக்கு எட்ட வேண்டுமானால் ஆண்டெனா உயரமாக வேண்டும். சார் இரண்டு மூங்கிலை மாடியில் நட்டு, நடுவே நைலான் கயிறு கட்டி, அதன்மேல் பக்கத்துக்கு எட்டரை அடி வீதம் செம்புக்கம்பியை ஓட்டினார். மாடியில் போனக்காட்டைப் பார்த்தபடி கம்பி கட்ட அந்த ஒரு இடம்தான் உண்டு, மறுபக்கம் தென்னை. அவர் கணக்கெல்லாம் பார்த்தார். வீட்டுக்காரியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் மனைவி லலிதா மாமி மடி ஆசாரத்தில் கண்டிப்பானவர். குளித்துவிட்டு நனைத்து உலர்த்திய சேலையை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது. அதற்குத் தகுந்தாற்போல், கைக்கு எட்டாத உயரத்தில், வெயில் விழும் இடத்தில், புத்தம்புதுக் கொடி ஒன்றைக் கணவர் கட்டிக்கொடுத்திருக்கிறார் என்று மனம் குளிர்ந்துவிட்டார். மறுநாள் காலை ஆண்டெனாமேல் ஈரம் சொட்டச் சொட்ட ஒன்பது கஜம் தொங்கியது. கோலால் தூக்கிப் போட்டதாம்.

சார் ஆபீசுக்கு ஓடிவந்தார். கோபத்தில் இல்லை, குஷியில். "செல்வி, ஒன்பது கஜம் ஏறினா மீட்டர் முள்ளும் ஏறறது! நாம அனுப்பற சக்தி அப்படியே திரும்பி வரது! ஈரத்துணிக்கு இவ்வளவு பவரா!"

"கழற்றச் சொல்ல வேண்டியதுதானே சார்?"

"அது மடியாக்கும். நானே குளிக்காம தொடப்படாது."

உண்மையிலேயே குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு நின்றுதான் அந்த ஆண்டெனாவை அங்குலம் அங்குலமாக வெட்டிச் சரிசெய்தார். எந்த நாட்டு ரேடியோப் புத்தகத்திலும் இந்தப் பாடம் இருக்காது. மாமியோடு ஒப்பந்தம் ஆயிற்று. "பத்தரை வரைக்கும் அது என் கொடி. அப்புறம் உங்க கம்பி. ஆனா அந்தப் பெட்டியை நான் தொடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார் மாமி. அன்றுமுதல் சார் ரேடியோவில் சொல்லும் முதல் வாக்கியம் "துணி காஞ்சாச்சு" என்று ஆனது. ஊரில் எல்லாரும் ஹலோ சொல்வார்கள், எங்களுக்கு இது.

மலையிலிருந்து முதல் முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் உயரக்கோட்டு வரைபடத்தில் தன் வீட்டு மாடியிலிருந்து எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் பாறைவரை பென்சிலால் ஒரு கோடு இழுத்து, நடுவில் குறுக்கே ஒரு மேடும் இல்லை என்று காட்டியிருந்தார். நான் பேட்டரியைத் தலையில் சுமந்து பாறைமேல் ஏறினேன். சவுக்கு மரத்தில் கம்பியை வீசிக் கட்டினேன். மதியம்வரை கூப்பிட்டேன். ஒரு சத்தம் இல்லை. முகம் கருகிப்போய்த் திங்கட்கிழமை போய் நின்றால், சார் தலையைச் சொறிந்தார். "அங்க வெயிலா? இங்க நல்ல மழை. துணி காயலை." மனிதர் சொன்ன சொல் தவறாமல் ரேடியோவைத் தொடவே இல்லை! அன்று நான் அவரைத் திட்டியது பிரதீப்புக்குத் தெரியும். சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மேகத்துக்கும் நோட்டில் ஒரு பத்தி சேர்த்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிட்டிருக்கிறார், என் கம்பிதான் திசை மாறி இருந்தது. மூன்றாம் ஞாயிறு அம்மாவும் வேடிக்கை பார்க்கப் பாறைக்கு வந்து உட்கார்ந்தாள். பத்து முப்பத்தைந்து. இரைச்சலுக்குள் ஒரு கரகரப்பு. பிறகு, பக்கத்து லயத்திலிருந்து பேசுவதுபோல், "துணி காஞ்சாச்சு. போனக்காடு, கேக்கறதா? ஓவர்!"

நான் எழுந்து குதித்தேன். பேட்டரி வயர் பிடுங்கிக்கொண்டது. மறுபடி செருகி, வாய் குழறி, "கேக்குது சார், கேக்குது, கேக்குது!" என்று மூன்று தரம் சொல்லி, ஓவர் சொல்ல மறந்தேன். அவர் அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. அம்மா என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "சாப்டீங்களா சாமி?" என்றாள். ஸ்ரீவராகத்துக்கும் போனக்காட்டுக்கும் நடுவே ஐந்து வாட்டில் போன முதல் விசாரிப்பு அது. "இன்னும் இல்லை அம்மா. உங்க குரல் கேட்டப்புறம்தான்" என்றார் சார்.

அதன்பின் ஒரு ஞாயிறும் தவறியதில்லை, மழை நாட்களைத் தவிர. போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு பத்தரை வாக்கில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது பாறைக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அடுத்த அரை மணியில் சார் அடிவாரத்து விதுரையிலிருந்து ஜீப் ஏற்பாடு செய்து அனுப்பினார். அம்மா இன்று இருக்கிறாள் என்றால் அந்தக் கம்பியால்தான்.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் கம்பி அப்படியே இருந்தது. வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "இதையெல்லாம் அவிழ்த்துடலாம்" என்றார். மாமி படியிறங்கிப் போய்விட்டார். விட்டுவையுங்கள் என்று நான் எப்படிக் கேட்பேன்? ரேடியோவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போய்விட்டால் மற்றவர் கையில் இருப்பது வெறும் தகரப்பெட்டி. அவருக்காக அழுதேன், எனக்காகவும் அம்மாவுக்காகவும் பயந்தேன். இரண்டையும் ஒளிக்கப் போவதில்லை.

போன ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. பழக்கத்தில் கால் பாறைக்கு நடந்துவிட்டது. கம்பியைக் கட்டினேன், பெட்டியைத் திருப்பினேன். கூப்பிடவில்லை. 'முதல்ல கேளுங்கோ' என்பது காதில் இருந்தது. பத்தரை. அப்பளம் பொரியும் சத்தம். பத்து நாற்பது. இறங்கிவிடலாம் என்று வயரில் கை வைத்தபோது இரைச்சல் சட்டென்று அடங்கியது. யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஒரு பெருமூச்சு. வளையல் மேஜையில் இடிக்கும் சத்தம்.

"துணி காஞ்சாச்சு" என்றார் லலிதா மாமி.

பொத்தானை விட்டால்தான் நான் பேச முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை. அழுத்தியபடியே இருந்தார். நானும் காத்திருந்தேன். சார் எனக்கு விட்டுப்போனது இந்தக் காத்திருப்புதான், பத்தரை மணிதான், பேசுவதற்கு முன் கேட்கிற காதுதான். தெருவில் ஒரு பைக் போனது, காகம் ஒன்று கத்தியது, எல்லாம் மலைமேல் கேட்டது. பிறகு மறுபடியும் மாமியின் குரல். "செல்வி, கேக்கறதா? அம்மா சாப்டாளா?" இம்முறை பொத்தானை விட்டுவிட்டார்.

"கேக்குது மாமி. நல்லாக் கேக்குது. ஓவர்."